வாட்ச்மேன் வாசித்த நம்பர்

எங்கள் ஷூ கம்பெனியில் தரம் பார்க்கிற க்யூசி ஆட்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே லாகின்தான் இருந்தது. பாஸ்வேர்டு, கம்பெனி பெயரோடு ஒன் டூ த்ரீ. இந்த மகா ரகசியத்தை நாங்கள் மறந்துவிடப் போகிறோமே என்று ஸ்கெட்ச் பேனாவால் எழுதி மானிட்டர் மேலேயே ஒட்டியும் வைத்திருந்தார்கள். டீ கொண்டு வருகிற அம்மாவுக்குக்கூட அது மனப்பாடம்.

என் வேலை ஃபைனல் இன்ஸ்பெக்ஷன். பேக்கான பெட்டிகளில் சிலதைப் பிரித்து, ஷூவைக் கையில் எடுத்துப் பார்த்து, சரியாக இருந்தால் கம்ப்யூட்டரில் 'ரிலீஸ்' என்ற பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தினால்தான் அந்த லாட் பெட்டிகள் எல்லாம் கண்டெய்னரில் ஏறும். ஒரு மழைக்காலத்தில் நான் பிரித்தே பார்க்காத ஒரு லாட் ரிலீஸாகி, ஜெர்மனி போய்ச் சேரும்போது ஷூவுக்குள் பூஞ்சை பூத்திருந்தது. ஈரத்தோடு பேக் செய்திருக்கிறார்கள். யார் ரிலீஸ் பண்ணியது என்று கேட்டால் சிஸ்டம் 'க்யூசி' என்று சொன்னது. க்யூசி என்றால் நாங்கள் அத்தனை பேரும்தான்.

"அந்த சீட்ல யாரும்மா உக்கார்றது? நீதானே?" என்றார் எக்ஸ்போர்ட் மேனேஜர். இவர் முதலாளி மனைவியின் தம்பி. அதுதான் அவருடைய முதல் தகுதி. இரண்டாவது தகுதி என்னவென்று நான் வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் தேடிக்கொண்டிருந்தேன்.

இந்தப் பக்கத்துத் தோல் கம்பெனிகளில் க்யூசி ஆளுக்குப் பெயர்தான் சோறு. பெட்டியைப் பார்க்காமல் விட்டவள் என்று ஒரு தடவை பெயர் கெட்டால் போதும், ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை எங்கே போனாலும் உட்கார வைத்து டீ கொடுத்து, "சொல்லி அனுப்பறோம்மா" என்று அனுப்பி வைப்பார்கள். அந்த முறை ஆதாரம் இல்லை என்பதால் தப்பித்தேன். அன்றைக்கே முதலாளி அறைக்குப் போய், "எனக்குன்னு தனி லாகின் குடுங்க சார், நான் பண்ணதுக்கு நான் பதில் சொல்றேன்" என்று கேட்டேன். அதே சமயத்தில் ஷூ வாங்குகிற ஜெர்மனி பையரும் ஒரு மெயில் போட்டிருந்தார்: இனிமேல் ஒவ்வொருவரும் தன் அடையாளத்தோடுதான் சிஸ்டத்துக்குள் போக வேண்டும், ஃபைனல் ரிலீஸ் ஒரே ஆள் பெயரில்தான் இருக்க வேண்டும். நான் கேட்டதற்கு இல்லாத மரியாதை ஜெர்மனி கேட்டதற்கு இருந்தது. உடனே ஒரு கமிட்டி போட்டார்கள். முதலாளி, அவர் மச்சானான அந்த எக்ஸ்போர்ட் மேனேஜர், அக்கவுண்டண்ட், வாய் ஜாஸ்தி என்பதால் நான்.

சாஃப்ட்வேர் விற்க மூன்று கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். முதலில் வந்தவர் டை கட்டியிருந்தார். ஆளுக்கு ஃபர்ஸ்ட் நேம், லாஸ்ட் நேம் இரண்டும் கட்டாயம் என்றார். எங்களுக்கு இருப்பது இனிஷியல்தான் என்று சொன்னதற்கு, "அப்ப உங்க லாஸ்ட் நேம் 'கே'ன்னு போட்டுக்கலாம் மேடம்" என்று எனக்கு அங்கேயே பெயர் சூட்டினார். அடுத்து, கேமரா முன்னால் நின்று முகத்தைக் காட்டினால் சிஸ்டம் திறக்கும் என்றார். முகத்திரை போடுகிற பெண்கள் எங்கள் ஆபீஸிலேயே பாதி. அதைச் சொன்னோம். "ஒரு செகண்ட் எடுத்தா போதுமே" என்று சிரித்தார். முதலாளி சிரிக்கவில்லை. பிரியாணி மட்டும் போட்டு மரியாதையாக அனுப்பிவிட்டார்.

இரண்டாவது வந்தவர் அதிகம் பேசவில்லை. பையிலிருந்து விரல்நுனி அளவு சாவி ஒன்றை எடுத்து வைத்தார். கழுத்து டேக்கில் மாட்டிக்கொள்ளலாம், கம்ப்யூட்டரில் செருகித் தொட்டால்தான் திறக்கும், சாவி யாரிடமோ அவர்தான் ஆள். எனக்கு அது பார்த்த உடனே பிடித்துவிட்டது. "தொலைச்சிடுவாங்க" என்றார் மச்சான். எங்கள் லேடீஸ் ஆளாளுக்குக் கழுத்தில் தாலி, தாயத்து, சிலுவை, ஐடி கார்டு என்று மாட்டிக்கொண்டு ஒன்றையும் தொலைக்காமல்தான் குடும்பம் நடத்துகிறார்கள். காரின் சாவியை மாதம் ஒரு தடவை தொலைக்கிறவர் அவர்தான். கமிட்டி என்பதால் இதை மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

மூன்றாவது வந்தவர் மச்சானின் காலேஜ் தோஸ்த். ஆற்காட்டில் இறங்கி மக்கன்பேடா ஸ்வீட் டப்பா வாங்கி வந்திருந்தார். ஆர்டர் இவருக்குத்தான் என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

"பாஸ்வேர்டே வேணாம் சார். எம்ப்ளாயி நம்பரை அடிச்சா ஃபோனுக்கு ஒரு கோடு வரும். அதைப் போட்டா உள்ள போய்டலாம். இனிமே அவங்க அவங்க ஃபோன்தான் அவங்க."

முதலாளிக்கு வாயெல்லாம் பல். "எல்லார்கிட்டயும் ஃபோன் இருக்குது. நாம ஒண்ணும் வாங்கித் தர வேணாம்!"

நான் கையைத் தூக்கினேன். "சார், எங்க ஃபோன் எல்லாம் கேட்டுலதானே இருக்கு?"

எங்கள் கம்பெனியில் ஆபீசர்களைத் தவிர மற்றவர்கள் உள்ளே ஃபோன் கொண்டு போகக் கூடாது. புது டிசைனைப் படம் பிடித்து வெளியே விட்டுவிடுவோமாம். காலையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் வாட்ச்மேன் அறையில் இருக்கிற மர ராக்கில் அவரவர் ஃபோனை வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பையர் இதையும் பாராட்டி ஒரு மெயில் போட்டிருக்கிறார்.

மச்சான் என்னைப் பார்த்து, "அது சாஃப்ட்வேர் மேட்டர் இல்லம்மா, அட்மின் மேட்டர். பேஜார் பண்ணாத" என்றார். தோஸ்த் எனக்கு ஒரு மக்கன்பேடா நீட்டினார். வாயை அடைக்க அது நல்ல சைஸ்தான்.

அட்மின் மேட்டர் என்னவாயிற்று என்றால், சிஸ்டம் வந்த முதல் வாரம் நாங்கள் ஓடினோம். எம்ப்ளாயி நம்பரை அடித்துவிட்டு, பில்டிங்கைச் சுற்றிக்கொண்டு கேட்டுக்கு ஓடி, கோடைப் பார்த்துவிட்டு, வாயில் முணுமுணுத்துக்கொண்டே திரும்பி வந்து அடித்தால், நேரம் முடிந்துவிட்டது, மறுபடி முயற்சி செய்யவும் என்று வரும். கர்ப்பமாக இருந்த பில்லிங் பொண்ணு நாற்காலியில் உட்கார்ந்து அழுதேவிட்டாள். கடைசியில் மச்சானுக்கே மூளை வேலை செய்தது. அது வேலை செய்கிற நாட்களில்தான் எனக்கு பயமே. கேட்டுக்கு இண்டர்காம் போட்டால் வாட்ச்மேன் ராக்கில் இருக்கிற ஃபோனைப் பார்த்து நம்பரை வாசிப்பார். ஃபோன் பூட்டியிருந்தாலும் மெசேஜ் மேலே தெரிகிறதே! 'இந்தக் கோடை யாரிடமும் பகிர வேண்டாம்' என்பதும் கூடவே தெரியும். நல்லவேளை, அதை அவர் வாசிப்பதில்லை.

ஆக, கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாக, முன்பு மானிட்டரில் ஒட்டியிருந்த பாஸ்வேர்டு இப்போது கேட்டில் உட்கார்ந்து காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு இண்டர்காமில் பேசியது. யார் கேட்டாலும் சொன்னது. எங்கள் எம்ப்ளாயி நம்பரோ எல்லோர் கழுத்திலும் பெரிய எழுத்தில் தொங்கியது. இது சரியில்லை என்று முதலாளியிடம் போய் நின்றேன். "பாத்துக்கலாம்மா" என்றார்.

பார்த்துக்கொண்டார்கள். நான் ப்ரொடக்ஷன் லைனில் நின்றிருந்த ஒரு மத்தியானம், என் பெயரில் ஒரு லாட் ரிலீஸாகிப் போயிருக்கிறது. கப்பல் ஏறி, கரை இறங்கி, மறுபடி பூஞ்சை. பையர் கேட்க, மச்சான் சிஸ்டத்திலிருந்து என் பெயர், நேரம், 'அடையாளம் உறுதி செய்யப்பட்டது' எல்லாவற்றையும் எடுத்து அனுப்பிவிட்டு, அதற்குப் பிறகுதான் என்னை முதலாளி அறைக்குக் கூப்பிட்டார்.

"போன தடவ ஆதாரம் இல்லன்னு குதிச்சியே. இப்ப பாரு. சிஸ்டம் பொய் சொல்லாது."

முதலாளி பக்கம் திரும்பி, "சார், நீங்களே கேட்டுக்கு ஃபோன் போட்டு என் நம்பரைக் கேளுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க" என்றேன். சொல்லிவிட்டு அவர் கம்ப்யூட்டரிலேயே என் எம்ப்ளாயி நம்பரை அடித்தேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு இண்டர்காமை எடுத்தார். "க்யூசி அம்மா நம்பர் சொல்லு" என்றார், அவ்வளவுதான். யார் பேசுவது என்றுகூட வாட்ச்மேன் கேட்கவில்லை. கடகடவென்று வாசித்துவிட்டு, "சீக்கிரம் போடுங்க மேனேஜர் சார், அன்னிக்கி மாதிரி லேட் பண்ணிட்டு ரெண்டாவது வாட்டி கேக்காதீங்க" என்றும் சொன்னார்.

மச்சான் உருதுவில் ஏதோ ஆரம்பித்தார். முதலாளி கையைக் காட்டி நிறுத்தினார். அந்த ஒரு நிமிஷம் அவர் மேல் எனக்கு மரியாதை வந்தது. அதிக நேரம் நிற்கவில்லை.

"புரியுதும்மா. ஆனா மெயில் போய்டுச்சே. உன் பேரு அவங்க கைக்குப் போய்டுச்சு. இனிமே மாத்தினா கம்பெனிக்கே அசிங்கம். கவனக்குறைவுன்னு ஒரு லெட்டர் எழுதிக் குடுத்துடு. உள்ள ஒண்ணும் நடவடிக்கை இருக்காது."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே இரண்டும் ஒரே ரூமில் எதிரெதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தன. "எழுத மாட்டேன் சார்" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். பள்ளிகொண்டா போய்ச் சேர்வதற்குள் வீட்டில் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே கேட்டுக்கு வந்தேன். அழுகை வந்தது, அழுதேன்.

வாட்ச்மேன் என் ஃபோனை எடுத்துக் கொடுத்தார். அவர் முகம் செத்துப்போயிருந்தது. "நான் இன்னாவாச்சும் தப்பா சொல்ட்டேனாம்மா?"

"நம்பரை சரியாத்தான் சொன்னீங்க. அதான் வெனையே."

அப்போது கையில் இருந்த ஃபோன் கிர்ரென்றது. புது கோடு. நான் நம்பர் அடிக்காமலே வந்த கோடு. கூடவே இண்டர்காமும் அடித்தது. வாட்ச்மேன் எடுத்து, "இன்னா சார்... க்யூசி அம்மா நம்பரா?" என்று என்னைப் பார்த்தார். "ஃபோன் இப்ப அவங்க கைலயே இருக்குதே சார்."

நான் ரிசீவரை வாங்கினேன். மறுமுனையில் மச்சான், எதுவுமே நடக்காத மாதிரி. "கண்டெய்னர் நிக்குதும்மா. கப்பல் போய்டும். நம்பர் சொல்லு."

ரிலீஸ் என் ஒருத்தி பெயரில்தான் இருந்தது. மாற்ற வேண்டுமானால் தோஸ்துக்கு எழுதிப் போட்டு, பையரும் ஒத்துக்கொள்ள வேண்டும். அதற்குள் கப்பல் சிலோனைத் தாண்டியிருக்கும்.

"போன லாட்டை நான் ரிலீஸ் பண்ணலன்னு பையருக்கு மெயில் போடுங்க சார். எனக்கும் ஒரு காப்பி வரட்டும்."

"இன்னா, மிரட்றியா?"

"ஒரு நிமிஷத்துல கோடு செத்துடும் சார். கோவத்தை அப்பறம் படுங்க."

போனை வைத்தார். மறுபடி கோடு வந்தது, செத்தது. இன்னொன்று வந்தது, அதுவும் செத்தது. வாட்ச்மேன் எனக்கு நாற்காலி போட்டார். உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் முதலாளி பெயரிலேயே பையருக்குப் போன மெயிலின் காப்பி வந்தது. மென்பொருளில் ஏற்பட்ட தொழில்நுட்பக் கோளாறால் இன்ஸ்பெக்டரின் பெயர் தவறாகப் பதிவாகிவிட்டது, அந்த லாட்டை அவர் ரிலீஸ் செய்யவில்லை, வருந்துகிறோம். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மச்சான் பெயர் மருந்துக்கும் இல்லை. பழியை சாஃப்ட்வேர் தலையில் போட்டிருந்தார்கள். முதலாளி வீட்டில் அக்கா இல்லாத ஒரே ஆள் அதுதானே!

எழுந்து உள்ளே நடந்தேன். ஃபோனை ராக்கில் வைக்கவில்லை, வாட்ச்மேன் கேட்கவும் இல்லை. மச்சான் பேக்கிங் ஹாலில் வாட்சைப் பார்த்துக்கொண்டு நின்றார். "நம்பர் சொன்னா போதும்மா, நீ வரவே வேணாம்" என்றார். நான் கத்தியை எடுத்துப் பெட்டிகளைப் பிரித்தேன். மூன்றாவது பெட்டியில் ஷூவுக்குள் கை விட்டபோது சில்லென்று ஈரம். அவர் பார்க்கும்படி விரலை நீட்டிக் காட்டிவிட்டு, என் சீட்டில் போய் உட்கார்ந்து, என் கோடை நானே பார்த்து, நானே அடித்தேன். அந்த சிஸ்டம் வந்ததிலிருந்து என் பெயரில், வாட்ச்மேன் வாசிக்காமல், நானே உள்ளே போனது அன்றைக்குத்தான். போய், லாட்டை நிறுத்தி வைக்கிற 'ஹோல்டு' பொத்தானை அழுத்தினேன்.