பிடிவாதக்காரன் வளைவு

அந்த மெட்ரோ பாதையின் வரைபடத்தைப் பார்க்கிற யாருக்கும் ஒரு கேள்வி எழும். துறைமுகத்தில் கிளம்பி மீன் சந்தை, பெரிய ஆஸ்பத்திரி, நீதிமன்றம் என்று அளவுகோல் வைத்து இழுத்ததுபோல நேராக வருகிற கோடு, பழைய குடியிருப்புப் பகுதிக்கு வந்ததும் ஏன் இப்படி இடுப்பை ஒடித்துக்கொண்டு திரும்புகிறது?

ரயில் ஓட்டுகிறவர்களுக்குப் பதில் தெரியும். அந்தத் திருப்பத்துக்கு அவர்கள் வைத்த பெயர் பிடிவாதக்காரன் வளைவு. வண்டியை அங்கே நடை வேகத்துக்குக் கொண்டுவர வேண்டும். கொண்டுவரும்போதெல்லாம் யாராவது ஒருவர் முகம் தெரியாத அந்த மனிதரைத் திட்டுவார். "தான் பிடிச்ச முயலுக்கு மூணே கால்னு நின்னிருக்கான்யா அந்த ஆளு!" ஓய்வு அறையில் இந்தப் பேச்சு வரும்போது ஓட்டுநர்களில் ஒருத்தி மட்டும் தலையைக் குனிந்து டீயை ஊதிக்கொண்டே இருப்பாள். டீ ஆறிப் பச்சைத் தண்ணீர் ஆன பிறகும் ஊதுவாள்.

அந்த ஆள் அவளுடைய அப்பா.

அப்பாவுக்குத் தச்சு வேலை. நாலு மாடிக் கட்டடம். கீழே பட்டறை, உச்சி மாடியில் வீடு. அங்குள்ள கதவு, ஜன்னல் அத்தனையும் அவர் கையால் இழைத்தவை. தெருவுக்கு எதிர்வரிசையில் தையல்கடை வைத்திருந்தவர் அவருக்கு உயிர்ச் சிநேகிதர். நகமும் சதையும் என்பார்களே, அப்படி. பட்டறைக்கும் தையல்கடைக்கும் நடுவே ஓடி ஓடித்தான் அந்தப் பெண் வளர்ந்தாள். தலையில் மரத்தூள், காலில் நூல். "வாயைத் தொறந்தா ஆளைச் சீவித் தள்ளிடுது" என்று அவளுக்குச் சின்ன உளி என்று பெயர் வைத்ததும் அந்தத் தையல் மாமாதான். பள்ளிச் சீருடை முழுக்க அவர் தைத்துக் கொடுத்தது.

பிறகு ரயில் பாதை வந்தது. வந்தது என்றால் முதலில் வெறும் சிவப்புச் சாயமாகத்தான் வந்தது. அளவெடுக்கிறவர்கள் கட்டடத்துச் சுவரில் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போனார்கள். பாதை நேராக அந்தக் கட்டடத்தின் நடுவயிற்றில் போகிறதாம். மற்ற குடித்தனக்காரர்கள் கிடைத்ததை வாங்கிக்கொண்டு சாமானைக் கட்டினார்கள். அப்பா அசையவில்லை. வழக்குப் போட்டார். அதிகாரிகள் மாறினார்கள், மந்திரிகள் மாறினார்கள், அடிக்கல் மட்டும் மூன்று தடவை நாட்டினார்கள். நாட்டிய கல்லையெல்லாம் சேர்த்தாலே ஒரு நிலையம் கட்டியிருக்கலாம். கடைசியில், கட்டடத்தை விட்டுவிட்டுப் பாதையை மேம்பாலமாக வளைத்துக் கொண்டுபோகிறோம் என்றார்கள். அப்பா அதற்கும் எழுந்து நின்றார்.

"ஒரு பலகையைப் போட்டா என் மொட்டை மாடியிலேருந்து ரயிலுக்குள்ள நடந்து போயிடலாம். அவ்வளவு கிட்டத்துல வருதுங்க. இது ரயில் பாதையா, எங்க வீட்டு வராண்டாவா?"

நீதிமன்றமே சிரித்ததாம்; அந்த ஆட்சேபம் மட்டும் எடுபடவில்லை. கட்டடம் தப்பியது. அப்பா ஜெயித்தார். அந்த ஜெயிப்புக்கு விலை கொடுத்தது எதிர்வரிசை. பாதை நேராகப் போயிருந்தால் அந்த வரிசையில் ஒரு செங்கல்கூட உதிர்ந்திருக்காது. வளைந்ததால் மொத்த வரிசையும் போயிற்று, தையல்கடையோடு.

சாமானை வண்டியில் ஏற்றிவிட்டுத் தையல் மாமா எதிரே வந்து கடைசிப் படிக்கு வெளியே நின்றார். "இனிமே உன் வீட்டுப் படியில என் கால் படாது" என்றார். அந்த இடத்தில் அப்பா ஒரே ஒரு வார்த்தை தழைந்து பேசியிருக்கலாம். பேசவில்லை. "அது நான் போட்ட கோடு இல்ல" என்றார், இழைப்புளியை நிறுத்தாமல். நியாயமாகப் பார்த்தால் அது பொய் இல்லைதான். ஆனால் நியாயம் பேசியே ஆளை இழக்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

மகளோ ஜன்னலோரம் உட்கார்ந்து தூண் எழும்புவதையும், கிரேன் உத்தரத்தைத் தூக்கிப் பூப்போல இறக்குவதையும் பார்த்துப் பார்த்து மயங்கிப் போனாள். படித்து முடித்ததும் ரயில் ஓட்டும் வேலைக்கே விண்ணப்பித்தாள், கிடைத்தும் விட்டது. "வீட்டை இடிக்க வந்தவன் சம்பளத்துல சாப்பிடப் போறியா?" என்றார் அப்பா. அதுதான் அவளிடம் அவர் பேசிய கடைசிப் பேச்சு. முதல் வண்டி ஓடிய அன்று மொட்டை மாடிக் கதவைப் பூட்டிச் சாவியைச் சாக்கடையில் வீசினார். அவள் பாதையின் அந்தக் கோடியில் அறை எடுத்துப் போய்விட்டாள். அம்மா மட்டும் போன் செய்வாள்.

தினமும் பல தடவை, தான் பிறந்த வீட்டை ஒட்டி நடை வேகத்தில் போய்வருவது என்பது ஒரு தண்டனை. பூட்டிய கதவு, காய்ந்த தொட்டி, துணி இல்லாத கொடி. அவள் நேரே தண்டவாளத்தைப் பார்த்துக்கொள்வாள். வண்டியில் இன்னொருவரும் அப்படி. தையல் மாமா இப்போது ஒரு ஆயத்த ஆடைக் கம்பெனியில் வேலை செய்தார். காலையில் கோடி நிலையத்தில் முதல் பெட்டியில் ஏறுவார். "என்ன சின்ன உளி, ஒழுங்கா ஓட்டுவியா?" என்பார். வளைவு வந்ததும் கண்ணை மூடிக்கொள்வார்.

அன்றைக்கு நல்ல கோடை, காலை நேரக் கூட்டம். எள் போட்டால் எள் விழாது. வளைவின் நடுவில் மின்சாரம் அறுந்து வண்டி நின்றது. விளக்குப் போயிற்று, குளிர்சாதனம் போயிற்று. திறக்கிற ஜன்னல் ஒன்றுகூட இல்லாத பெட்டிகள். கட்டுப்பாட்டு அறை, மீட்பு வண்டி வர அரை மணிக்கு மேல் ஆகும், பயணிகளை அமைதியாக வைத்திருங்கள் என்றது. அமைதியாக வைத்திருக்க அவள் என்ன மூட்டையா ஏற்றி வந்தாள்? குழந்தைகள் அழுதன. யாரோ கண்ணாடியை உடைக்கச் சொல்லிக் கத்தினார்கள். பிறகு அவளுடைய அறைக் கதவை ஒரு கை படபடவென்று தட்டியது.

வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு நர்ஸ். "ஒருத்தர் விழுந்துட்டார். நெஞ்சு வலி. இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும். அரை மணி நேரமெல்லாம் தாங்காது."

எட்டிப் பார்த்தாள். கூட்டம் விலகிய இடத்தில் தரையில் தையல் மாமா. முகம் சாம்பலாகியிருந்தது. சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது.

பாதையோரம் ஆள் நடக்க ஒரு தடம் உண்டு. ஒருவர் பின் ஒருவராகப் போகலாம்; ஆளைத் தூக்கிக்கொண்டு அடுத்த நிலையம் வரை போக முடியாது. அவள் பக்கவாட்டுக் கதவைத் திறந்தாள். கைப்பிடிச் சுவர். அதற்கு அந்தப் பக்கம் ஒரு இடைவெளி, கீழே நாலு மாடி ஆழம். இடைவெளிக்கு அப்பால் அப்பாவின் மொட்டை மாடி.

கட்டுப்பாட்டு அறையைக் கூப்பிட்டாள். "பாதையில கரண்டை முழுசா நிறுத்துங்க. கீழ தெருவுக்கு ஆம்புலன்ஸ் அனுப்புங்க. பக்கத்து மொட்டை மாடி வழியா இறக்கப் போறேன்."

"அந்த வீடா? அந்த ஆளு தொறக்க மாட்டான்மா. பிடிவாதக்காரன்."

"தெரியும் சார். அவர் எங்க அப்பா."

எதிர்முனையில் யாரோ யாரிடமோ கரண்டை நிறுத்தச் சொல்வது கேட்டது. பிறகு, "கரண்டை நிறுத்தியாச்சு. பாத்து செய்மா" என்றார்கள்.

அம்மாவுக்குப் போன் போட்டாள். அம்மா பாதி கேட்டதுமே, "நீயே பேசு" என்று போனைக் கைமாற்றிவிட்டாள். இந்தப் பக்கம் மகள், அந்தப் பக்கம் மூச்சு மட்டும்.

"அப்பா, உங்க மாடிக்கு நேரா நிக்கறேன். ஒருத்தருக்கு உயிர் போற நிலைமை. கதவைத் தொறங்கப்பா."

"யாரு?"

பொய் சொல்லலாம் என்று அவளுக்குத் தோன்றியது. யாரோ ஒருவர் என்று சொன்னால் அப்பா வந்துவிடுவார். யாரென்று சொன்னால்? வருவாரா? ஆனால் இத்தனை வருஷம் கழித்துப் பேசுகிற முதல் பேச்சே பொய்யாக இருக்க வேண்டாம்.

"தையல் மாமாப்பா."

போன் துண்டிக்கப்பட்டது.

அவள் அந்தக் கதவையே பார்த்தாள். நர்ஸ் பின்னால் குனிந்து மாமாவிடம் பேசிக்கொண்டே இருந்தாள்; அவர் பதில் சொல்வது நின்றுபோயிருந்தது. கதவு அசையவில்லை. கல்லில் நார் உரிக்கப் பார்த்தோமே என்று அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. அப்போது உள்ளேயிருந்து ஒரு அடி விழுந்தது. இரும்பின் மேல் இரும்பு. இன்னொரு அடி. பூட்டு தெறித்து, கதவு உள்பக்கமாகத் திறந்தது.

அப்பா வெளியே வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. மகளைப் பார்க்கவில்லை. நேரே ஓரத்துக்கு வந்து இடைவெளியைப் பார்த்தார், ஆழத்தைப் பார்த்தார், திரும்பி உள்ளே போய்விட்டார்.

"அப்பா!" என்று அலறினாள்.

பதிலுக்கு உளிச் சத்தம்தான் வந்தது. நீளப் பலகையெல்லாம் தரைத்தளப் பட்டறையில் இருந்தது; நாலு மாடி இறங்கி ஏற நேரம் ஏது? அவர் கதவையே கழற்றிக்கொண்டிருந்தார். கீலைப் பெயர்த்து, தான் இழைத்த அந்தக் கதவை முதுகில் சுமந்துவந்து, இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் குறுக்கே தள்ளினார். அவள் இந்த முனையை இழுத்துப் பிடித்தாள். அவர் அந்த முனையின்மேல் முழங்காலை ஊன்றி உட்கார்ந்தார்.

மாமாவைத் தூக்கிவந்த இரண்டு பேரும் கீழே பார்த்துத் தயங்கினார்கள்.

"ஒடையாது, வாங்க" என்றார் அப்பா. "நான் செஞ்ச கதவு."

முதல் ஆள் தவழ்ந்து போனான். மாமாவைக் கதவின்மேல் மல்லாக்கக் கிடத்தி, இங்கிருந்து ஒருவன் தள்ள, அங்கிருந்து ஒருவன் இழுத்தான். நடுவில் வந்ததும் மரம் முனகியது. அப்பா முழங்காலை எடுக்காமலே இரண்டு கையையும் நீட்டி, சிநேகிதரின் அக்குளுக்குக் கீழே கொடுத்து, பிள்ளையைத் தூக்குவதுபோலத் தன் பக்கம் வாங்கிக்கொண்டார். நர்ஸும் தள்ளியவனும் பின்னாலேயே தவழ்ந்து கடந்தார்கள். எல்லாரும் படியில் இறங்கி மறைந்தார்கள். அவளால் போக முடியாது. வண்டியை விட்டு ஓட்டுநர் நகரக் கூடாது.

கீழே ஆம்புலன்ஸ் ஊதிக்கொண்டு போன சத்தம் அடங்கிய பிறகு, அப்பா மூச்சு வாங்கத் திரும்ப மேலே வந்தார். கதவின் அந்த முனையில் அவர், இந்த முனையில் அவள்.

"அன்னிக்கு அவன்கிட்ட, அது நான் போட்ட கோடு இல்லன்னு சொன்னேன்" என்றார்.

"ஆமாப்பா."

"நான் போட்டதுதான்."

கட்டுப்பாட்டு அறை கூப்பிட்டது: கோளாறு சரியாகிவிட்டது, வழி சரியாக இருந்தால் சொல்லவும்.

"கதவை இழுத்துக்கோங்கப்பா. வண்டி போகணும்."

"பாத்துப் போ" என்று அவர் கதவை இழுத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் அம்மா போனில் சிரிப்பும் அழுகையுமாகப் பேசினாள். மாமா பிழைத்துவிட்டார். ஆனால் விஷயம் அதற்கு முன்னால் படியிலேயே நடந்துவிட்டது. இரண்டாவது மாடித் திருப்பத்தில் மாமா கண்ணைத் திறந்தாராம். தன்னைத் தலைமாட்டில் தூக்கி வருவது யார் என்று பார்த்தாராம். குரல் எழும்பாமல், "உன் படியில கால் வைக்க மாட்டேன்னு சொன்னேன்ல? வைக்கல பாத்தியா" என்றாராம். ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டு அப்பா அந்தக் கடைசிப் படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாராம்.

"கதவை மாட்டிட்டாரா?" என்று கேட்டாள் மகள்.

"எங்க! மழை பேஞ்சா படியெல்லாம் நனையும், மாட்டுங்கன்னு தலைபாடா அடிச்சுக்கறேன். அவன் குணமாகி நடந்து வந்து பாக்கட்டும், அப்பறம் மாட்டறேன்ங்கறார். பிடிவாதம்."