எடுத்துக் கொடுப்பவர்கள்

அப்பா வேதபாடம் வாசிக்க எழுந்தால், பாளையங்கோட்டையில் எங்கள் ஆலயத்தில் முதலில் ஒரு பெருமூச்சு கேட்கும். அது ஆண்கள் பக்கமா பெண்கள் பக்கமா என்று சொல்ல முடியாது. அவர் நிதானமாக நடந்து போய், மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, முதல் சொல்லிலேயே திக்கி நிற்பார். எங்கள் சபையாருக்கு வேதம் மனப்பாடம். அதுதான் வினையே. அப்பா 'க'வில் நின்றால் முன்வரிசைப் பெண்கள் 'கர்த்தர்' என்று எடுத்துக் கொடுப்பார்கள். அடுத்த சொல்லுக்கு ஆண்கள் பக்கமிருந்து உதவி வரும். அப்பாவோ அவர்கள் முடிக்கும்வரை பொறுத்திருந்து, அதே சொல்லைத் தானே முயன்று சொல்லிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவார். உதவி கூடக்கூட நேரமும் கூடும். ஆர்மோனியம் வாசிப்பவர் கையைக் கட்டிக்கொண்டு கூரையைப் பார்ப்பார். எனக்கு எங்காவது ஓடிவிடலாம் போலிருக்கும்.

என் எரிச்சலுக்குக் காரணம் வெறும் கூச்சமில்லை. எனக்கும் திக்கும். அப்பாவிடமிருந்து எனக்கு அவருடைய மூக்கும் இதுவும் வந்திருந்தன. ஆனால் நான் சாமர்த்தியக்காரி. 'ப'வில் தொடங்கும் சொல் வரப்போகிறது என்று தெரிந்தால் முன்கூட்டியே வேறொன்றைப் பிடித்துக்கொள்வேன். பஸ் எனக்கு எப்போதும் வண்டிதான். பசித்தால் 'சாப்பாடு ஆச்சா' என்று கேட்பேன். கல்லூரியில் ஒருத்திக்கும் தெரியாது. அமைதியான பிள்ளை என்று பெயரெடுத்திருந்தேன். நாள் முழுக்க மனதுக்குள் சொற்களை மாற்றி அடுக்கிக்கொண்டே இருப்பவளுக்கு நிம்மதி எங்கிருந்து வரும்? அவரோ நிம்மதியாக இருந்தார். அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

சபையார் எல்லாரும் ஒரே பந்தலில் உட்கார்ந்து சாப்பிடும் அசனப் பண்டிகை வந்தது. அந்த வருடம் என் கல்லூரித் தோழிகளும் வருவதாக இருந்தார்கள். அன்றைக்குப் பாடம் வாசிக்க வேண்டியவர் அப்பா. முதல் நாள் அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டே விட்டேன்.

"நாளைக்கு வேற யாரையாவது வாசிக்கச் சொல்லுங்கப்பா. எல்லாரும் சிரிக்காங்க."

அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "எனக்குத் திக்கும்னு ஊருக்கே தெரியும். இனிமே யாருட்ட போய் மறைக்கச் சொல்லுத?"

கோபமாகச் சொல்லியிருந்தாலாவது பதிலுக்குச் சண்டை போட்டிருக்கலாம். சாதாரணமாகச் சொல்லிவிட்டுக் காலரைத் தேய்க்கத் தொடங்கினார். மறுநாள் வாசிக்கவும் செய்தார். என் தோழிகள் சிரிக்கவும் செய்தார்கள். நான் அவர்களோடு சேர்ந்து மெதுவாகச் சிரித்து வைத்தேன்.

கம்ப்யூட்டர் படிக்காவிட்டால் பிழைக்கவே முடியாது என்று திருநெல்வேலி பதறிக்கொண்டிருந்த காலம் அது. வண்ணார்பேட்டையில் ஒரு பயிற்சி மையத்தில் எனக்கு ஆசிரியை வேலை கிடைத்தது. முதல் நாள் பெயர் கேட்டார்கள். பஸ்ஸை வண்டியாக்கலாம், பெயரை என்ன செய்வது? ஞானஸ்நானத்தில் எனக்கு வைத்த பெயர் பிரிசில்லா ஏஞ்சல். முன்பாதியை விழுங்கிவிட்டு 'ஏஞ்சல்' என்றேன். அன்றிலிருந்து அங்கே நான் ஏஞ்சல் மேடம். அந்தப் பெயரைக் கேட்டுத் திரும்பிப் பார்க்கவே எனக்குச் சில வாரம் பிடித்தது.

ஒரு நாள் சாப்பாட்டு டப்பாவை வீட்டில் மறந்துவிட்டேன். அப்பா அதை எடுத்துக்கொண்டு மையத்துக்கே வந்துவிட்டார். நான் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். வெளியே அவர் குரல் 'பி'யில் நின்று தவித்தது. வரவேற்பில் இருந்த பெண் ஏதேதோ பெயர்களை எடுத்துக் கொடுத்தாள். "பிரேமாவா? பிரியாவா?" அவர் எல்லாவற்றுக்கும் தலையசைத்து மறுத்து, கடைசியில் என் பெயரை முழுதாகச் சொல்லி முடித்தார்.

"அப்படி யாரும் இங்கன இல்லையே" என்றாள் அவள்.

அப்பாவுக்கு முகம் விழுந்துவிட்டது. திக்கி நின்ற எந்த ஞாயிற்றுக்கிழமையும் நான் அப்படி ஒரு முகத்தைப் பார்த்ததில்லை. டப்பாவோடு திரும்பிப் படியிறங்கப் போனார். வகுப்பை அப்படியே விட்டுவிட்டு வெளியே ஓடினேன்.

"எங்கப்பாதான்" என்றேன். "என் பேருதான் அது."

"எது மேடம்?"

வகுப்பு முழுவதும் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தது. வாயைத் திறந்தேன். உதடு ஒட்டிக்கொண்டது. கழுத்து நரம்பு புடைப்பது எனக்கே தெரிந்தது. அந்தப் பெண் பாவம், பதறிப்போய், "ஏஞ்சல்தானே மேடம்..." என்று எடுத்துக் கொடுத்தாள்.

அப்பா கையை உயர்த்தினார். "பொ... பொறும்மா. அவளே சொல்லுவா."

அவளும் பொறுத்தாள். நான் சொன்னேன்.

அன்றோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆகவில்லை. இன்றும் திக்குகிறது, இன்றும் எரிச்சல் வருகிறது. பெயரை மட்டும் அதன்பின் மாற்றிச் சொன்னதில்லை. அப்பா இப்போது இல்லை. போன வாரம் தொலைபேசியில் ஒரு இயந்திரப் பெண்குரல் என் பெயரைக் கேட்டது. நான் 'பி'யில் நிற்கும்போதே, "மன்னிக்கவும், புரியவில்லை" என்று துண்டித்துவிட்டது. மறுபடி அழைத்தேன், மறுபடியும் துண்டித்தது. ஆத்திரத்தில் கைப்பேசியைக் கட்டிலில் எறிந்துவிட்டு, பிறகு எடுத்துத் திரும்பவும் அழைத்தேன். அப்பா இருந்திருந்தால் அந்த இயந்திரத்திடமும் பொறும்மா என்றுதான் சொல்லியிருப்பார்.