படத்தில் தெரிந்த மிளகு

நான் வேலை பார்க்கும் இயந்திரத்தைக் கொல்லிமலையில் வைக்க முடியாது. வைக்க முடிந்திருந்தால் எனக்கு எழுத எதுவும் இருந்திருக்காது. மலையில் சில ஊர்கள் சேர்ந்ததை நாடு என்போம்; ஆலத்தூர் நாட்டில் எங்கள் வீட்டில், என் கணவரோடு, மற்ற பெண்களைப் போலத் தினம் சண்டை போட்டுக்கொண்டு சந்தோஷமாக இருந்திருப்பேன்.

இயந்திரத்தின் பெயர் சைக்ளோட்ரான். கோயம்புத்தூரில் ஒரு மருத்துவமனையின் அடித்தளத்தில், தடித்த கான்கிரீட் சுவர்களுக்குள் இருக்கிறது. பெரிய காந்தம் ஒன்றின் நடுவே, காற்றை உறிஞ்சி எடுத்த ஒரு வட்டப் பெட்டி. அதற்குள் ஹைட்ரஜன் துகள்களை விட்டால் காந்தம் அவற்றை வளைத்துச் சுற்ற வைக்கும். ஒவ்வொரு அரைச் சுற்றுக்கும் மின்சாரம் ஒரு தள்ளுத் தள்ளும். தள்ளத் தள்ள வேகம் கூடும், வட்டம் பெரிதாகும். விளிம்புக்கு வந்ததும் வெளியே எடுத்து, இதற்கென்றே வாங்கி வைத்த ஒரு கரண்டித் தண்ணீரில் மோத விடுவோம். அந்தத் தண்ணீரில் பிறப்பதைச் சர்க்கரை போன்ற ஒன்றோடு சேர்த்து நோயாளியின் நரம்பில் ஏற்றினால், புற்றுநோய் ஒளிந்திருக்கும் இடத்தில் போய்ச் சேர்ந்துகொள்ளும். ஸ்கேன் படத்தில் அந்த இடம் வெளிச்சமாகத் தெரியும். ஆனால் இரண்டு மணி நேரத்துக்குள் மருந்தின் வீரியம் பாதியாகிவிடும். காலையில் செய்ததை மாலைக்கு எடுத்து வைக்க முடியாது, மலைக்குக் கொண்டுபோகவும் முடியாது. அதனால் இயந்திரம் இருக்கும் ஊருக்குத்தான் நோயாளி வர வேண்டும். நானும் அங்கேதான் கிடக்க வேண்டும்.

கல்யாணமான புதிதில் இதையெல்லாம் அவருக்கு விளக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எதுக்கு கண்ணு சுத்திச் சுத்தி உடணும்? நேரா உட்டா ஆகாதா?" என்றார்.

"நேரா உட்டா அந்த வேகம் வாரதுக்கு ரூமு நீளம் பத்தாதுங்க."

"நம்ம மலைக்கு ரோடு போட்டவனும் இதையேதான் சொல்லியிருப்பான்" என்றார். அன்றைக்கே இந்த ஆளை எனக்குப் பிடித்துப்போயிற்று.

இயந்திரம் வெளிநாட்டில் செய்தது. அதைக் கட்டுப்படுத்தும் புரோகிராமை இங்கே திரும்ப எழுதியவர்களில் நானும் ஒருத்தி. காலையில் ஓட ஆரம்பித்ததும் காந்தத்தின் இரும்பு மெல்லச் சூடாகும். சூடாகும்போது காந்தத்தின் பலம் மயிரிழை மாறும். அந்த மயிரிழை போதும். ஊஞ்சல் வருவதற்கு முன்பே தள்ளிவிட்டால் எப்படியோ அப்படி, துகள்கள் தாளம் தப்பிவிடும். அதைக் கவனித்து மின்சாரத்தைத் துளித்துளியாகக் கூட்டிக் குறைப்பதுதான் என் புரோகிராமின் வேலை. நான் வாழவந்தி நாட்டில் பிறந்தவள், அவர் ஆலத்தூர் நாட்டுக்காரர். அவருக்கு மிளகும் மரவள்ளியும் சாமையும், எனக்குக் காந்தம். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை பஸ் ஏறி மலைக்குப் போவேன். பிள்ளைகள் இல்லை. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் சேர்ந்திருந்ததைக் கூட்டிப் பார்க்க எனக்குத் தைரியம் வந்ததில்லை.

போன வருடம் அவர் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. மிளகுக் கொடியை அண்ணாந்து பார்த்தால் இடிக்கிறது என்றார், அவ்வளவுதான். செம்மேட்டில் காட்டி, நாமக்கல்லில் காட்டி, கடைசியில் எங்கள் மருத்துவமனைக்கே வந்து சேர்ந்தார். நிணநீர்க் கணுக்களில் புற்றுநோய். மருந்து ஏற்றிய மாதங்கள் முழுக்க என் குவார்ட்டர்ஸில் இருந்தார். முடி கொட்டிற்று, வாயெல்லாம் புண்ணாயிற்று, ரசம் சோறுகூட இறங்கவில்லை. அவர் பட்ட பாட்டைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். ஆனாலும் சொல்கிறேன், நான் வேலை முடிந்து வரும்போது என் வீட்டில் விளக்கு எரிந்தது அந்த மாதங்களில்தான். சாவியைத் தேடாமல் கதவைத் தட்டினேன். உள்ளேயிருந்து "வாரேன் சாமி" என்று குரல் வரும். அந்தக் குரலுக்காகவே லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியேறி ஓடுவேன்.

சிகிச்சை முடிந்ததும் மலைக்குப் போய்விட்டார். சில மாதம் கழித்து நோய் முழுக்கப் போயிற்றா என்று ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். மிச்சம் இருந்தால் இன்னும் கடுமையான வைத்தியம், அதைத் தாங்குவாரா என்பதே சந்தேகம். போயிருந்தால் பிழைத்தார். போனில் ஒவ்வொன்றாகச் சொன்னேன். முந்தின ராத்திரிக்கு மேல் தண்ணீர் மட்டும்தான், இனிப்பு கூடவே கூடாது, ரெண்டு நாளைக்கு உடம்பை அலட்டக் கூடாது.

"நம்ம காட்டுப் பக்கமே போகல கண்ணு. மொளகு அப்படியே கொடியில நிக்குது" என்றார். நானும் நம்பினேன்.

ஸ்கேன் அன்று விடியற்காலை இயந்திரத்தை நான்தான் ஓட்டினேன். நானே எழுதிய புரோகிராமை நானே நம்பாமல், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். எத்தனையோ பேருக்குச் செய்த மருந்துதான். யாருடைய உடம்புக்குப் போகிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. அன்று தெரியும். காந்தத்தின் எண் கடைசி இலக்கத்தில் ஆடும்போதெல்லாம் நாற்காலியின் நுனிக்கு வந்தேன். உடன் வேலை பார்ப்பவர் காபி கொண்டுவந்து வைத்தார். அது ஆடை கட்டி ஆறிப்போயிற்று.

ஊசி போட்டபின் நோயாளியை இருட்டறையில் படுக்க வைப்பார்கள். பேசக் கூடாது, போனை நோண்டக் கூடாது, ஆடாமல் அசையாமல் கிடக்க வேண்டும். உடம்பிலிருந்து கதிர் வரும் என்பதால் பக்கத்தில் யாரும் உட்காரவும் மாட்டார்கள். வெளியே இருந்த சின்னத் திரையில் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, சொன்ன பேச்சைக் கேட்கும் பையன் மாதிரி கண்ணை மூடிக்கிடந்தார். உள்ளே போய் நெற்றியில் கை வைக்க வேண்டும் போலிருந்தது. நான் செய்து கொடுத்த மருந்துதான் என்னை வெளியே நிறுத்தியிருந்தது.

படம் வந்ததும் டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டார். முகத்தில் சிரிப்பா கவலையா என்று பிரிக்க முடியவில்லை. "மேடம், உங்க வீட்டுக்காரர் ஜிம்முக்குப் போறாரா?" என்று கேட்டார்.

படத்தைப் பார்த்தேன். தோள், முன்கை, முதுகு, தொடை, கெண்டைக்கால் எல்லாம் எரிந்தன. உழைத்த தசைக்கும் சர்க்கரைப் பசி உண்டு. நான் பார்த்துப் பார்த்துச் செய்த மருந்தையெல்லாம் அந்தத் தசைகள் குடித்துவிட்டு நின்றன. பார்க்க வேண்டிய இடம் கழுத்தும் அக்குளும்தான். அங்கே நோய் இருக்கிறதா, தசையின் வெளிச்சமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா. ஒரு வாரம் கழித்துத் திரும்ப எடுக்க வேண்டும். எனக்கு எடுத்துச் சொல்ல யாரும் வேண்டியிருக்கவில்லை. ஒற்றை மூங்கில் ஏணியில், இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு, ஒரு கையால் மரத்தைப் பிடித்து மறு கையால் மிளகு பறிக்கும் மனிதனுக்கு எந்தெந்தத் தசை வலிக்குமோ, அதெல்லாம் வரிசையாகப் படத்தில் இருந்தது.

பிடித்துக் கேட்டபோது ஒளிக்காமல் சொன்னார். மாத்தாளுக்குப் போயிருக்கிறார். எங்கள் பக்கம் மிளகு பறிக்கும் பருவத்தில் கூலிக்கு ஆள் தேட மாட்டார்கள். இன்று எல்லோரும் உன் தோட்டத்துக்கு, நாளை எல்லோரும் என் தோட்டத்துக்கு என்று முறை வைத்துக்கொள்வார்கள். அவர் இங்கே படுக்கையில் கிடந்த பருவத்தில், எங்கள் தோட்டத்தை அவர்கள்தான் பறித்துக் காயவைத்துக் கொடுத்தார்கள். இப்போது இவர் முறை. தன் மிளகைத் தள்ளிப்போட்டார், என் பேச்சுக்கு மரியாதை. அடுத்தவர் தோட்டத்து முறையைத் தள்ளிப்போட அவருக்கு மனம் வரவில்லை. ரெண்டு நாளும் ஏணியில் நின்றுவிட்டு நேராக வந்து பஸ் ஏறியிருக்கிறார்.

"அறிவிருக்குதுங்களா உங்களுக்கு?" என்று கத்தினேன். "விடியக்காலம் எந்திரிச்சு உசுரைக் கையில புடிச்சுக்கிட்டு மருந்து செஞ்சேன். எல்லாத்தையும் கொண்டுபோயி கெண்டைக்கால்ல ஊத்திட்டீங்க!"

"போகலைன்னா சீக்காளின்னு ஒதுக்கிருவாங்க சாமி" என்றார். "'நீ இரு, நாங்க பாத்துக்கறோம்'பாங்க. பாசமாத்தான் சொல்லுவாங்க. அதைக் கேக்கத்தான் முடியல."

அவர் பையை வாங்கிக்கொண்டு குவார்ட்டர்ஸுக்குக் கூட்டிப்போனேன்.

அந்த ஒரு வாரமும் என்னோடு இருந்தார். குடத்தைக்கூடத் தூக்க விடவில்லை நான். பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். எதிர் வீட்டு மாடியில் காயும் துணிகளைப் பார்த்துக்கொண்டே ஊருக்குப் போன் போட்டு, "பழம் சிவந்துருச்சா, குருவி எறங்குதா" என்று விசாரிப்பார். கூடவே இருந்தார், ஆனால் மனதெல்லாம் மலையில். நானோ இன்னொரு முறை படியேறி ஓடிக்கொண்டிருந்தேன். அவர் தட்டில் குழம்பு ஊற்றும்போது, விளக்கை அணைத்தபின் அவர் இருமும்போது, இப்படியே இருந்துவிடாதா என்று ஏங்கினேன். ஒருநாள் சாயங்காலம், சின்னதாக ஏதாவது மிச்சம் இருந்தால் இவர் இங்கேயே இருப்பாரே என்று மனது ஓடிற்று. எனக்கே பயமாகிவிட்டது. எழுந்துபோய் வெகுநேரம் முகத்தைக் கழுவினேன். அவர் உயிர் வேண்டும், அவரும் வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கேட்பது பேராசையா என்ன?

இரண்டாவது படத்தில் தசைகள் அடங்கிக் கிடந்தன. மூளையும் நெஞ்சும் வழக்கமாகத் தெரிகிற அளவுக்குத் தெரிந்தன. கழுத்திலும் அக்குளிலும் ஒன்றுமே இல்லை. டாக்டரம்மா இரண்டு முறை மேலும் கீழும் நகர்த்திக் காட்டி, "சுத்தமா இருக்கு மேடம்" என்றார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

அவர் அழவில்லை. விஷயத்தைக் கேட்டதும், "ஏணி ஏறலாமுங்களா அம்மா?" என்றார்.

"தாராளமா ஏறலாம்" என்று டாக்டரம்மா சிரித்தார். அப்போது என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! எங்கள் கல்யாணத்தன்றுகூட அந்த மனிதர் அப்படிச் சிரிக்கவில்லை.

மறுநாள் பஸ் ஏற்றிவிட்டேன். "இன்னும் ரெண்டு நாள் இருங்களேன்" என்று கேட்டும் பார்த்தேன். "நாளைக்கு எல்லாரும் நம்ம காட்டுக்கு வாராங்க கண்ணு" என்றார். ஜன்னலோரம் உட்கார வைத்து, தண்ணீர் பாட்டிலைக் கையில் கொடுத்துவிட்டு, பஸ் திரும்பும்வரை நின்றேன்.

அடுத்த நாள் காலை, யாரோ முகம் தெரியாதவர்களுக்காக இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் எண்கள் சொன்னபடி கேட்டன. எனக்கு மனது கேட்கவில்லை, போன் போட்டேன்.

"மரத்து மேல இருக்கேன் கண்ணு, அப்பறம் பேசறேன்" என்றார். சொல்லிவிட்டு, கட் பண்ண மறந்து போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டார்.

இலை உரசும் சத்தம் கேட்டது. கொத்துக் கொத்தாக மிளகு ஒடியும் சத்தம் கேட்டது. பக்கத்து மரத்திலிருந்து யாரோ எதையோ சொல்ல, அவர் சிரித்தார். பிறகு ஏணியில் இன்னொரு கணு ஏறினார் போலிருக்கிறது, மூச்சு வாங்கிற்று. நல்ல ஆரோக்கியமான மூச்சு, என் காதுக்குப் பக்கத்திலேயே. கத்திக் கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும். நான் கூப்பிடவில்லை, கட் பண்ணவும் இல்லை.