கம்பத்தின் தலைமேல் போகும் கம்பி

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். மூன்று நாடுகள், இரண்டு முகாம்கள் தாண்டி மெல்பேர்ன் வந்து சேர்ந்தபோது எனக்குத் தெரிந்த ஒரே வேலை உயரத்தில் ஏறுவது. கூரை, மரம், கம்பம், எதுவென்றாலும் சரி. அந்த வெள்ளிக்கிழமை அழைப்பு வந்ததும் அதனால்தான்.

அழைத்தவர் ஓர் அரசு அதிகாரி. யூதர்கள் மீதான வெறுப்பைத் தடுப்பதும், அவர்கள் வாழ்க்கை தடையில்லாமல் நடக்கத் துணை நிற்பதும் அவருடைய வேலை. சுவரில் எழுதிய வசைகளை அழிக்க என்னை முன்பு இரண்டு தடவை கூப்பிட்டிருந்தார். இந்தத் தடவை யாரோ கம்பியை அறுத்திருந்தார்கள்.

யூதர்கள் அதிகம் வாழும் ஒரு பகுதியைச் சுற்றிக் கம்பம் கம்பமாக ஒரு மெல்லிய கம்பி ஓடுகிறது. ஓய்வுநாளில் வீட்டுக்கு வெளியே எதையும் தூக்கவோ தள்ளவோ கூடாது என்பது அவர்கள் விதி. கம்பி முழுதாக இருந்தால் உள்ளே இருப்பதெல்லாம் ஒரே வீடு மாதிரி. சனிக்கிழமை ஓய்வுநாளில் குழந்தையைத் தூக்கி வரலாம், சக்கர நாற்காலியைத் தள்ளலாம். அறுந்திருந்தால் இரண்டும் முடியாது. மறுநாள் காலை ஜெபாலயத்தில் ஒரு மாப்பிள்ளையை, கல்யாணத்துக்கு முந்திய வாரம் என்பதால், வேதச்சுருளின் முன் அழைப்பார்கள். அவருடைய தகப்பனால் நடக்க முடியாது. ஓய்வுநாள் வெள்ளி மாலையே தொடங்கிவிடும்; சூரியன் மறையுமுன் கம்பி சேராவிட்டால் அந்த மனிதர் வீட்டிலேயே இருக்க வேண்டியதுதான்.

நான் போனபோது அதிகாரி காருக்கு வெளியே நின்று, தெருவின் ஒரு பக்கத்தை மூட அனுமதி கேட்டு போனில் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்.

"இரண்டு வாரமா? எனக்கு இருபது நிமிஷத்தில அனுமதி வேணும். உங்க மேலதிகாரியைக் கூப்பிடுங்க."

முறைப்பாடு கேட்கும் தொலைபேசியை எடுப்பவராக வேலையைத் தொடங்கியவர் அவர். எந்த மேசையில் எந்தக் கோப்பு தூங்கும் என்பது அவருக்கு அத்துப்படி. பதினெட்டாவது நிமிடம் "ஏறுங்க!" என்று கத்தினார்.

லொறியின் தூக்குவாளியில் ஏறினேன். கீழே அதை இயக்கியவன் மதுரைக்காரன்.

"அண்ணே, சீக்கிரம்! சூரியன் என்ன உங்க மாமனாரா, காத்துக்கிட்டு இருக்க?"

"வாயை மூடிக்கொண்டு இன்னும் கொஞ்சம் உயர்த்தடா."

எங்கள் தொழிலில் கம்பியைக் கம்பத்தின் பக்கவாட்டில் கொளுவி இறுக்குவோம். அப்படியே செய்துவிட்டுப் பெருமையாக இறங்கினேன். தொலைநோக்கியோடு நின்ற அவர்களுடைய மதகுரு, ரபி, தலையை ஆட்டினார். செல்லாதாம்.

"யானை தொங்கினாலும் அறாது," என்றேன்.

"பலமாத்தான் இருக்கு. ஆனா இது எங்களுக்குக் கதவு நிலை. மேல்கட்டை நிலைக்காலின் பக்கத்திலா இருக்கும்? தலைமேல்தானே?"

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். "எவ்வளவு நேரம் வேணும்?"

"அரை மணி."

"இருபத்தைந்து நிமிஷம்தான் இருக்கு."

"அப்ப இருபத்தைந்து!"

மறுபடி மேலே போனேன். கம்பத்தின் உச்சியில் ஒரு கொக்கியை முடுக்கி, கம்பியைத் தலைமேல் ஏற்றினேன். கதவே இல்லாத இடங்களில் வருடக்கணக்காகப் படுத்தவன் நான். ஒரு ஊருக்கே நிலை வைத்தது அன்றுதான். கீழே கார்கள் ஹோர்ன் அடித்தன. அதிகாரி நடுத்தெருவில் இரண்டு கைகளையும் விரித்து நின்று அவற்றை மறித்தார்.

"இப்ப சரி!" என்று ரபி கத்தினார். கத்திவிட்டு, நேரமாகிவிட்டதென்று வீட்டுக்கு ஓடினார்.

மறுநாள் எனக்கு வேலை இல்லை. ஆனாலும் நான் குடியிருக்கும் கிரெய்கிபர்னிலிருந்து ரயில் பிடித்தேன். ஜெபாலயத்துக்கு எதிரே, மரத்தடியில் அதிகாரி நின்றிருந்தார்.

"நீங்களுமா?" என்றேன்.

"சும்மா நடக்க வந்தேன்," என்றார். அவர் வீடு நகரத்தின் மறுகோடியில்.

தெருமுனையில் சக்கர நாற்காலி தெரிந்தது. கோட்டு போட்ட மாப்பிள்ளை அதைத் தள்ளிக்கொண்டு கிட்டத்தட்ட ஓடி வந்தார். நடைபாதை விளிம்பில் நாற்காலி ஒருமுறை துள்ளியது.

"மெதுவா தள்ளுடா! கல்யாணத்துக்கு முன்னாடியே என்னைக் கொல்லப் போறியா?" என்று தகப்பன் தெரு முழுக்கக் கேட்கும்படி திட்டினார்.

அதிகாரி என் முழங்கையைப் பிடித்து உலுக்கினார். இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.