மூணுலயா, மூணுக்கு அப்புறமா?

போன வருஷம் ஆடி முடிந்த மறுவாரம், கும்மிடிப்பூண்டி சிப்காட்டை ஒட்டி இருக்கும் எங்கள் வீட்டு வாசலில் நடந்தது இது. அன்று வியாழக்கிழமை, வீட்டுக்காரருக்கு வார லீவு. ஞாயிற்றுக்கிழமை திருத்தணியில் எங்கள் பெண் குழந்தைக்குக் காதுகுத்து வைத்திருந்தோம். எல்லாருக்கும் பத்திரிகை கொடுத்தாயிற்று. குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டிய தாய்மாமனைத்தான் இன்னும் கூப்பிடவில்லை.

கூப்பிட வேண்டியவர் என் கணவர். தாய்மாமன் என் தம்பி. இரண்டு பேருக்கும் ஒன்றரை வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது.

காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். நாங்கள் பழைய கார் ஒன்று வாங்கினோம். தம்பி காக்களூரில் கார் மெக்கானிக். வேலை தெரிந்த மச்சான் நான் இருக்கும்போது என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று அவனுக்கு மனத்தாங்கல். வண்டிக்குப் பூஜை போட்ட அன்று சொந்தக்காரர்கள் எதிரிலேயே, “பெயின்ட்ட பாத்து வாங்கிகினாரு” என்று சொல்லிவிட்டான். இவருக்கு வந்ததே கோபம்! பிரசவத்துக்கு நான் அம்மா வீட்டில் இருந்தபோது, இவர் வந்தால் அவன் மொட்டை மாடிக்குப் போய்விடுவான். அவன் இறங்கி வந்தால் இவருக்குக் கிளம்ப நேரமாகிவிடும்.

“அவரு வாயால கூப்புட்டா வரேன்க்கா” என்றான் அவன். “வேணும்னா வரட்டும்” என்றார் இவர். நடுவில் நான் கிடந்து அல்லாடினேன்.

அந்த வியாழக்கிழமை காலையில் இவர் காரைப் பிரித்தார். ஸ்டியரிங்கைத் திருப்பினால் முன் சக்கரத்தில் கடகடவென்று சத்தம். சக்கரத்தைச் சுழற்றும் ஆக்ஸில் தண்டு போய்விட்டது என்று புதிதாக ஒன்று வாங்கி வைத்திருந்தார். இரும்பு மில்லில் ஃபிட்டர், போதாததற்கு செல்போனில் நாலு வீடியோ வேறு. சக்கரத்தைக் கழற்றிவிட்டு, ஆக்ஸிலை இரண்டு கையாலும் பிடித்து ஒரே இழு. முள்ளங்கியைப் பிடுங்கும்போது இலை மட்டும் கையோடு வருமே, அந்த மாதிரி வந்தது. அதன் முனையில் இருக்கும் கிண்ணம் போன்ற கப், கியர் பெட்டியோடு சேர்ந்த டிஃபரன்ஷியலுக்குள்ளேயே மாட்டிக்கொண்டது. தட்டினார், நெம்பினார், முருகா முருகா என்றார். அசையவில்லை.

மதியம் சாப்பிடாமல் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தவரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. பொய் சொல்வானேன், உள்ளுக்குள் ஒரு ஆசையும் இருந்தது. சமையலறைக்குப் போய்த் தம்பிக்கு ஃபோன் பண்ணினேன்.

ஒன்றரை மணி நேரம் பைக் ஓட்டிக்கொண்டு வந்தான். குழந்தையைத் தூக்கி முத்தம் கொடுத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் நேராகக் காருக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டான். இவரும் போ என்று சொல்லவில்லை, தானும் போய் அடியில் படுத்தார்.

“அக்கா, ஒரு பக்கமா நெம்புனா கோணிக்கும். வெளிக்கூடு அலுமினியம், விரிசல் வுட்டுக்கும். அப்பறம் ஞாயித்துக்கெழம வண்டி இல்ல. ரெண்டு பக்கமும் லீவர் போட்டு ஒரே நேரத்துல வெடுக்குனு தள்ளணும். அந்தாண்ட புடிச்சிக்க சொல்லு.”

இரண்டடி தள்ளிப் படுத்திருந்த இவர், “கேட்டுச்சுன்னு சொல்லு” என்றார்.

ஒண்ணு, ரெண்டு, மூணு என்று நான்தான் எண்ணினேன். இவர் லீவர் முந்திக்கொண்டது, அவன் லீவர் பிந்திவிட்டது. வழுக்கியதில் இவர் விரல் முட்டியில் தோல் கிழிந்து ரத்தம்.

“யோவ் மாமா! இன்னா அவசரம்? மூணு சொல்லி, அப்பறம் ‘ஹேய்’னாதான் தள்ளணும்!”

“எங்க மில்லுல மூணுன்னா மூணுதான்டா! அதுக்கு மேல இன்னா ஹேய்?”

“அத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?”

“நீ கேட்டியா?”

டார்ச்சைப் பிடித்தபடி நான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு முதல் பேச்சு, அதுவும் ‘மாமா’ என்று! சண்டை போடட்டும், நல்லாப் போடட்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். அவர்களுக்கும் அது உறைத்திருக்க வேண்டும். தம்பி தன் கர்ச்சீப்பை எடுத்து, காருக்கு அடியிலேயே நீட்டினான். இவர் வாங்கி விரலில் சுற்றிக்கொண்டார்.

மறுபடி எண்ணினேன். இந்த முறை தம்பி மூணிலேயே தள்ளிவிட்டான். இவரோ ‘ஹேய்’ வரும் என்று அசையாமல் காத்துக்கொண்டிருந்தார். இவருக்காக அவனும் அவனுக்காக இவரும் விட்டுக்கொடுத்து, இரண்டாவது தடவையும் கோட்டை விட்டார்கள்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தம்பி தோள் குலுங்கியது, அப்புறம் இவர் வயிறு. “நீ எண்ணாத, தள்ளிப் போ” என்று என்னை விரட்டிவிட்டு, இரண்டு பேரும் சேர்ந்தே சத்தமாக எண்ணினார்கள். மூணில் ‘டொக்’கென்று கப் வெளியே வந்தது. பின்னாடியே கியர் ஆயிலும் வந்து இரண்டு பேர் முகத்திலும் ஊற்றியது. ஆயிலை முன்னாடியே மற்றவர் வடித்திருப்பார் என்று ஆளுக்கு ஆள் நினைத்திருந்தார்களாம். கேட்டால்தானே!

கண்ணைத் துடைத்துக்கொண்டே இவர் சொன்னார்: “மச்சான், ஞாயித்துக்கெழம காத்தாலயே வந்துடு. புள்ள ஒன் மடிலதான் குந்தணும்.”

“வரேன் மாமா. வண்டிய நான்தான் ஓட்டுவேன்.”

“பெயின்ட்டு வண்டியயா?”

“அத்த வுடு மாமா.”

நான் உள்ளே போய்க் குழந்தையைக் கட்டிக்கொண்டு அழுதேன். சந்தோஷ அழுகைதான்.

ஞாயிற்றுக்கிழமை திருத்தணியில் குழந்தை மாமன் மடியில் உட்கார்ந்திருந்தது. இவர் அதன் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஆசாரி கம்பியைக் காதருகே கொண்டு வந்ததும் இரண்டு பேரும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்கள். யாரும் எண்ணவில்லை, ஆனாலும் ஒரே நேரத்தில் மூடினார்கள்.

இப்போதெல்லாம் எங்கள் வீட்டில் கட்டிலை நகர்த்தினாலும் சிலிண்டரைத் தூக்கினாலும், “மூணுலயா, ஹேய்லயா?” என்று கேட்டுவிட்டுத்தான் கை வைக்கிறோம். அந்த ஒரு வார்த்தையைக் கேட்காமல்தானே, என் குழந்தைக்கு அதன் மாமன் மடி கிடைக்காமல் போக இருந்தது என்று ஒவ்வொரு தடவையும் நினைத்துக்கொள்வேன்.