குடத்துக்குக் காவல்

போன சனிக்கிழமை காலையிலேயே கடையை அடைத்தேன். வாரந்தோறும் இதைப் படிப்பவர்களுக்குத் தெரியும் — சாவு, கல்யாணம், ஆனித் தேர். இந்த மூன்றைத் தவிர வேறெதற்கும் என் அரிசிக் கடை அடைபட்டதில்லை.

அன்றைக்கு அடைத்தது பிள்ளைகளின் பந்தாட்டத்துக்காக.

என் மகன் ஆவுடையப்பன் பாளையங்கோட்டையில் மிஷன் பள்ளிக்கூடத்தில் படிக்கிறான். மூன்று வருஷமாகக் கிரிக்கெட் டீமில் இருக்கிறான். சித்திரை பிறந்தால் தூத்துக்குடியில் ஒரு பண்டகசாலையில் வேலை. ஆகவே இதுதான் அவனுக்குக் கடைசி ஆட்டம். எதிர்க் கட்சிப் பையன்கள் அம்பாசமுத்திரத்திலிருந்து ரயிலில் வந்திருந்தார்கள்.

"நீங்க வராண்டாம்ப்பா. வெயிலு" என்றான் காலையில்.

வெயிலுக்கு நான் எப்போது பயந்தேன்? போனேன்.

நான் போய்ச் சேரும்போது ஆட்டம் தொடங்கியிருந்தது. அம்பாசமுத்திரம் மட்டை பிடித்தது. நம் பையன்கள் மைதானத்தில் பரவி நின்றார்கள். எண்ணினேன். பதினொரு பேர். ஆவுடை இல்லை. மறுபடி எண்ணினேன். இல்லை.

பக்கத்தில் ஜட்காக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஸ்டேஷனிலிருந்து பையன்களை ஏற்றி வந்தவர். என் கடையில் அரிசி வாங்குகிறவர்.

"என்ன அண்ணாச்சி, ஒம்ம மவன் எங்கன நிக்கான்?"

"தேடுதேன்."

"தேடிப் பொறக்கதுக்கு அவன் என்ன அரிசில கெடக்க கல்லா வே?" என்று சிரித்தார். பிறகு கையை நீட்டினார். "அந்தா, வேப்பமரத்தடியில தண்ணிக்காரப் பையன் இருக்காம்லா? அவங்கிட்டக் கேளும். சொல்லுவான்."

பார்த்தேன். வேப்பமரத்தடியில் ஒரு செப்புக் குடம். எங்கள் வீட்டுக் குடம். அதன் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான் என் மகன்.

 என் மகன் என்று காட்டிக்கொள்ளாமல் கேட்டேன்.

"அந்தப் பையன் எப்பவும் அங்கனதான் இருப்பானா?"

"ரெண்டு வருசமா நான் சவாரி கொண்டாரேன். குடத்தை விட்டு அசஞ்சு பாத்ததில்ல. உள்ள பாம்பைக் கீம்பைப் புடிச்சு அடைச்சு வச்சிருக்கானோ என்னமோ!"

சனிக்கிழமை சாயங்காலம் அவன் வீடு திரும்பும்போதெல்லாம் நான் கேட்பேன். "என்னாச்சுலே?" "செயிச்சோம்ப்பா" என்பான். இல்லையென்றால், "தோத்தோம்ப்பா." அவ்வளவுதான். 'நான்' என்ற சொல் அவன் வாயிலிருந்து ஒரு நாளும் வந்ததில்லை. அது எனக்கு உறைக்கவில்லை. கடைக்கு வந்தவர்களிடமெல்லாம், "எம் பய ஆடி செயிச்சிட்டு வந்திருக்கான்" என்று அளந்துகொண்டிருந்தேன்.

கோபம் வந்தது. அவன் மேல் இல்லை.

கேப்டன் பெயர் ஏசுவடியான். வேதக்கார வீட்டுப் பிள்ளை, கிறிஸ்தவன். பள்ளிக்கூடம் அவர்களுடையது. வாத்தியாரும் அவர்கள் ஆள். எங்கள் பையனை எதற்கு ஆட விடுவார்கள்? எல்லாம் விளங்கிவிட்டது... என்று நினைத்தேன்.

நேரே டிரில் மாஸ்டரிடம் போனேன்.

"மூணு வருசமா எம் பிள்ளைய மரத்தடியில ஒக்கார வச்சிருக்கீயளே, ஏன்? அவனுக்கு ஆடத் தெரியாதா?"

மாஸ்டர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நல்லாத் தெரியும் அண்ணாச்சி. எங்கிட்ட இருக்க பையன்ல ஓடிப் பந்து புடிக்கதுக்கு அவனுக்கு மிஞ்சி ஆள் கெடையாது."

"பொறவு?"

"நீங்கதான சொன்னீய?"

"நான் என்ன சொன்னேன்?"

"மொத வருசம் ஆவுடைய டீம்ல சேக்க வந்தன்னைக்கு. 'ஆடட்டும். ஆனா எங்க வீட்டுத் தண்ணியத்தான் குடிக்கணும். கண்டவன் கை அதுல படக்கூடாது'ன்னு சொன்னீயளா இல்லியா?"

சொன்னேன். நாங்கள் சைவர்கள். வேறு எப்படிச் சொல்வேன்? விடியுமுன்னே கொக்கிரகுளத்துப் படித்துறையில் அவன் அம்மா மொண்டு வருகிற ஆற்றுத் தண்ணீர் அது.

"சரி. சொன்னேன். அதுக்கும் ஆட்டத்துக்கும் என்ன?"

 நம் பையன் ஒருவனுக்குக் கால் பிசகி ஆட்டம் நின்றிருந்தது. மாஸ்டர் கேப்டனைக் கைகாட்டி அழைத்தார். வியர்வை சொட்ட ஓடி வந்தான். நெடிய பையன்.

"அண்ணாச்சிதான் ஆவுடையோட அப்பா. நீயே சொல்லு."

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான். "ஐயா, மொத ஆட்டத்துல அவன் எறங்கினான். கொடம் மரத்தடியில சும்மா இருந்துச்சு. எங்க பையன் ஒருத்தன் தாகம் தாங்காம மோந்து குடிச்சிட்டான். தெரியாமச் செஞ்சதுதான். ஆவுடை ஒண்ணும் ஏசல. கொடத்தைக் கவுத்திட்டு ஆடப் போயிட்டான். அதுக்குப் பொறவு பச்சத்தண்ணி குடிக்கல. மூணு மணிக்கு மயங்கி விழுந்துட்டான்."

எனக்கு அது தெரியாது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து என்ன சொன்னான்? "செயிச்சோம்ப்பா" என்று சொல்லியிருப்பான்.

"இன்னும் கேளுங்க" என்றார் மாஸ்டர். "டீம்ல ஒங்க ஆளுக பையன்க இன்னும் நாலு பேர் இருக்கானுவ. அவங்க வீட்டுலயும் ஒங்களப் பாத்து, 'ஆவுடை கொடத்துத் தண்ணின்னா குடிக்கட்டும்'ன்னு சொல்லிட்டாவ. நாலு பேர் ஆடணும்னா ஒருத்தன் கொடத்துக்குக் காவல் இருக்கணும். நாங்க யாரும் தொடக் கூடாது. கொடம் யாரு வீட்டுது? நானும் எத்தனையோ தடவ கூப்பிட்டுட்டேன். 'நான் இருக்கேன் சார், அவனுவ ஆடட்டும்'ங்கான்."

மரத்தடியைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்துவிட்டான். எழுந்து நின்றான். குடத்தை விட்டு வரவில்லை.

பிள்ளைக்கு ஓர் இடம் கிடைக்கவில்லை என்றால் நாம் எங்கே போய்த் தேடுகிறோம்? வாத்தியாரிடம். கூட ஆடுகிறவனிடம். அவன் சாதியில், அவன் வேதத்தில். நம் வீட்டு வாசலுக்கு மட்டும் கடைசியில்தான் வருகிறோம். வந்து சேரும்போது மூன்று வருஷம் போய்விடுகிறது.

கால் பிசகியவனை இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வந்தார்கள்.

"ஆடுத பதினொரு பேரையும் எழுதியாச்சு. ஆவுடை மட்ட பிடிக்க முடியாது" என்றார் மாஸ்டர். "இவனுக்குப் பதிலா நின்னு பந்து பொறக்கலாம். ஆனா கொடத்துக்கு?"

"நான் இருக்கேன்" என்றேன்.

மரத்தடிக்குப் போனேன். "போலே" என்றேன். ஆவுடை என் முகத்தையே பார்த்தான். "போலே, நிக்காத." ஓடினான்.

மத்தியான இடைவேளை வரை ஆடினான். ஒரு மணி நேரம் இருக்கும். அவன் பக்கம் பந்து மூன்று தடவை வந்தது. இரண்டைப் பிடித்துத் திருப்பி எறிந்தான். மூன்றாவது கைக்கடியில் போய்விட்டது. அம்பாசமுத்திரத்துப் பையன்கள் கூவினார்கள். அவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு திரும்பவும் குனிந்து நின்றான். சிரித்துக்கொண்டிருந்தான். வீட்டில் அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

நான் குடத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வேலை என்று ஒன்றும் இல்லை. ஈ ஓட்டினேன். மூடியைச் சரி செய்தேன். ஒரு மணி நேரத்துக்கே எனக்கு முதுகு கடுத்தது.

இடைவேளை விட்டதும் எல்லாரும் ஓடி வந்தார்கள். எங்கள் ஆட்களின் பையன்கள் நான்கு பேரும் குடத்தடிக்கு வந்து கையை ஏந்தினார்கள். மற்றவர்கள் பள்ளிக்கூடத்துக் கிணற்றைப் பார்த்து நடந்தார்கள். கிணறு தூரம். மைதானத்தைக் கடந்து போக வேண்டும்.

ஆவுடை நடுவில் நின்றான். என்னைப் பார்த்தான். நான் தம்ளரில் மொண்டு வைத்திருந்தேன்.

கிணற்றுப் பக்கம் போனான்.

ஏசுவடியான் வாளியில் இறைத்து ஊற்றினான். இவன் குனிந்து இரண்டு கையையும் சேர்த்துக் குடித்தான். நெடுநேரம் குடித்தான். மைதானத்துக்கு இந்தப் பக்கமிருந்து எல்லாம் தெரிந்தது. நான் கூப்பிடவில்லை.

ஆட்டம் தோற்றுப்போயிற்று. அதை யார் இப்போது கேட்கிறார்கள்?

இருட்டுமுன் வீட்டுக்கு நடந்தோம். குடத்தை நான் வாங்கிக்கொண்டேன். முருகன்குறிச்சி தாண்டினோம். பிறகு கேட்டேன்.

"ஏலே, மூணு வருசமா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே, ஏன்?"

"சொன்னா டீமை விட்டே நிறுத்திருப்பீய" என்றான்.

உண்மைதான். நிறுத்தியிருப்பேன்.