வாய்விட்டுப் படிக்க முடிந்த விண்ணப்பம்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். முனீசுவரன் அடியவர்களாகிய உங்கள் முன், எனக்கு நேர்ந்ததைக் கூட்டாமலும் குறைக்காமலும் எழுதிவைக்கிறேன். நான் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். மீதித் தமிழெல்லாம் பொட்டலம் கட்டி வந்த தாள்களில் படித்துச் சேர்த்தது. பிழையிருப்பின் பொறுத்தருள்க.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. வில்லியனூரில் என் தாய்மாமன் நெல் மண்டி வைத்திருந்தார். பதினான்கு வயதில் அங்கே சேர்ந்தேன். நான் சொல்லவரும் இந்த ஆண்டில் எனக்கு இருபத்தைந்து வயது நடந்துகொண்டிருந்தது. சம்பளம் கிடையாது. மூன்று வேளைச் சோறு, தீபாவளிக்கு ஒரு வேட்டி, படுக்க மூட்டைகளுக்கு இடையே ஓரிடம். விட்டுப் போயிருக்கலாமே என்பீர்கள். என் அக்காளை மணந்திருந்தவரும் அதே மாமன்தான். நான் ஒரு நாள் முகம் சுளித்தால், அதற்கான ஏச்சை அன்றே அக்காள் வாங்கிக்கொள்வாள். மண்டியின் கதவு திறந்தேதான் இருந்தது. என்னால்தான் வெளியேற முடியவில்லை.

அந்த ஆடி மாதம், மண்ணாடிப்பட்டுப் பக்கம் புதிதாகத் தொடங்கிய அரிசி ஆலைக்குக் கிடங்கு எழுத்தர் தேவை என்று லாரிக்காரர் ஒருவர் சொன்னார். பயோடேட்டா இணைத்து விண்ணப்பிக்க வேண்டுமாம். அந்தச் சொல்லையே அன்றுதான் கேட்டேன். தட்டச்சு நிலையத்துக்குப் போனேன். பயிலும் பெண்கள் நால்வர் உட்கார்ந்திருந்தனர். தட்டச்சர் எல்லாருக்கும் ஒரே மாதிரி அடித்துத் தருபவர். தாளைச் செருகியபடியே, "எஸ்.எஸ்.எல்.சி. தானே சார்?" என்றார்.

என்னை ஒருவர் சார் என்று அழைத்தது அதுவே முதல் முறை. இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அவர் அடித்துவிட்டார். முன் அனுபவம் என்ற இடத்தில் 'இல்லை' என்று அடித்தார். அதையும் நான் மறுக்கவில்லை. சம்பளமில்லாத வேலையை அனுபவம் என்று எப்படிச் சொல்வது?

இருபது நாளில் நேர்காணல் கடிதம் வந்தது. எஸ்.எஸ்.எல்.சி. மூலச் சான்றிதழுடன் வரும் வெள்ளிக்கிழமை வரவேண்டும். கடிதம் மாமன் கையில் கிடைத்தது. நெல் போட வந்திருந்த விவசாயிகளுக்கு அதை அவர் படித்துக் காட்டினார்.

"பாத்தீங்களா, நம்ம வூட்டுப் புள்ள எஸ்.எஸ்.எல்.சி.யாம். எந்த மூட்டைக்கு அடியிலடா பாஸ் பண்ண?"

எல்லாரும் சிரித்தார்கள். பிறகு குரலைத் தாழ்த்தி, "போய்ட்டு வா. போலீஸ்ல புடிச்சிக் குடுத்தா உங்க அக்காதான் சோறு எடுத்தாரணும்" என்றார்.

போனால் பொய்யன். போகாவிட்டால் ஆயுள் முழுவதும் அந்த மண்டி. சாக்குத் தைக்கும் ஊசியைக் கையில் பிடித்தபடி, தைக்க மறந்து உட்கார்ந்திருந்தேன்.

புதன்கிழமை என்னை நெல் பிடிக்கப் பாகூருக்கு அனுப்பினார்கள். ஏரியைத் தாண்டி, வயல் நடுவே நம் சாமியின் கோயில். குறையுள்ளவர்கள் தாளில் பிராது எழுதி, சாமி முன் உரக்கப் படித்து, வேலில் கட்டுவது அங்குள்ள வழக்கம் என்பதை அறிவீர்கள். நானும் எழுதினேன். தட்டச்சர் அடித்த நடைதான் முறையான நடை என்று எண்ணி, இன்னார் மகன், இன்ன ஊர், இன்ன படிப்பு என்று அப்படியே எழுதினேன். நேர்காணலில் காப்பாற்று என்று முடித்தேன்.

படிக்கத் தொடங்கினேன். பெயர் வந்தது. ஊர் வந்தது. படிப்பு எஸ்.எஸ்.எல்.சி. என்ற வரியில் நாக்கு நின்றுவிட்டது.

பூசாரி எழுத்தறியாதவர். விபூதித் தட்டோடு காத்திருந்தார். "இன்னாபா, நின்னுட்ட?" என்றார்.

"எழுத்து தெரியலிங்க."

"நீ எழுதுனது உனக்கே தெரியலியா? சாமி முன்ன வாய்விட்டுப் படிக்க வராதது வேலுல நிக்காதுபா. கிழிச்சிட்டு வேற எழுது."

கிழித்தேன். வேம்பின் அடியில் அமர்ந்து மறுபடி எழுதினேன். எட்டாம் வகுப்பு. பதினோரு ஆண்டு மண்டி வேலை. நெல்லைப் பல்லில் கடித்து ஈரம் சொல்வேன். பழையதில் புதியது கலந்திருந்தால் கண்டுபிடிப்பேன். மழையில் நனைந்த மூட்டைகளை முளைவிடாமல் காயவைத்துக் காப்பாற்றியிருக்கிறேன். எலி புகாமல் மூட்டைகளை அட்டியாக அடுக்கத் தெரியும். எழுத எழுத எனக்கே வியப்பாக இருந்தது. இத்தனையும் செய்தவன் நானா? கடைசியில், என்னை மண்டியிலிருந்து விடுவி, அதனால் அக்காளுக்குக் கேடு வராமல் பார்த்துக்கொள் என்று எழுதினேன். அழுதுகொண்டே படித்தேன், ஆனால் ஒரு சொல்லிலும் நிற்கவில்லை. வேலில் கட்டும் முன், அந்த வேண்டுதலை மட்டும் விட்டுவிட்டு மற்றதை இன்னொரு தாளில் பார்த்து எழுதிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை ஆலை மேலாளரிடம் அந்தத் தாளை நீட்டினேன். அவரிடம் முன்பே இருக்கும் தாளில் படிப்பும் பொய், அனுபவம் இல்லை என்பதும் பொய் என்று சொன்னேன். அவர் இருமுறை படித்தார். ஆளை அனுப்பி மூன்று கைப்பிடி நெல் வரவழைத்து மேசையில் வைத்தார். கடித்துப் பார்த்தேன். முதலாவது நன்கு காய்ந்தது. இரண்டாவது நனைந்து மறுபடி காய்ந்தது, அரைத்தால் நொறுங்கும். மூன்றாவது கலப்பு.

"இத ஏன்யா மொதல் தாள்ல எழுதல?" என்றார்.

"இதெல்லாம் எழுதலாம்னு தெரியாதுங்க."

எழுத்தர் வேலைக்கு விதி இடம் தராது என்றார். களத்தில் நெல்லின் தரம் பார்க்கும் வேலையைத் தந்தார்.

அக்காளுக்காக எழுதிய பிராதின் கடைசி வரி மீதமிருந்தது. அதை நினைத்து அஞ்சியபடியே மாமன் வீட்டுக்குத் திரும்பினேன். செய்தி கேட்ட மாமன் தட்டைத் தள்ளினார். தம்பி போனால் நீயும் கூடவே கிளம்பு என்று அக்காளிடம் சொன்னார். ஒரு நாளும் அவரை எதிர்த்துப் பேசாதவள் அவள். குழம்புக் கரண்டியைக் கீழே வைக்காமலே சொன்னாள்:

"நான் எங்கயும் போவல. இது என் வூடு. என்ன வெச்சி அவனக் கட்டிப்போட்டது போதும். அவன் போவட்டும்."

மாமன் அவளைப் பார்த்தார். பிறகு தட்டை இழுத்துக்கொண்டு சாப்பிட்டார்.

என் நாக்கை நிறுத்திய சாமிதான் அவள் நாக்கை அவிழ்த்தது என்று நம்புகிறேன். ஓய்வு பெறும்வரை அந்த ஆலையிலேயே இருந்தேன். ஒவ்வோர் ஆடியிலும் அக்காளும் நானும் சேர்ந்து பொங்கல் வைத்தோம்.

அடைபட்டுக் கிடப்பவர் எவரேனும் இதைப் படித்தால், முனீசுவரனை நம்பி உள்ளதை எழுதுங்கள். எங்கு அனுப்புவதானாலும் முதலில் அவன் முன் வாய்விட்டுப் படியுங்கள். உங்கள் வீட்டிலும் ஒருவர் ஒரு நாள் விண்ணப்பம் எழுதுவார். அதுவரை இத்தாளைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டுகிறேன்.